கனடாவில் முதல் வருமான வரி ரிட்டர்ன்: வந்து இறங்கிய திகதியிலிருந்து தொடங்குங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். சரியா என்று பாருங்கள். 2025 செப்டெம்பர் 14ஆம் திகதி பி.ஆர். (நிரந்தர வதிவிட) விசாவில் ரொறன்ரோவில் இறங்கினீர்கள். ஸ்காபரோவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. டிசெம்பர் கடைசி வரை 14,000 டொலர் உழைத்திருக்கிறீர்கள். மனைவியும் மகளும் இன்னும் திருகோணமலையில்தான். மகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, ஜூலையில் வருவதாக ஏற்பாடு. ஆகஸ்ட் வரை ஊரில் சம்பளம் எடுத்தீர்கள், லிங்கநகரில் 'எங்கள் வீடு' வாடகைக்குப் போயிருக்கிறது, வங்கியில் ஒரு பிக்ஸ்ட் (நிலையான வைப்பு) கிடக்கிறது. மூன்றரை மாத உழைப்புக்கு ரிட்டர்ன் போட வேண்டுமா, ஊரில் உள்ளதையும் காட்ட வேண்டுமா, உங்களோடு ஒரே விமானத்தில் வந்த நண்பருக்கு நிறையக் காசு திரும்பி வரும்போது உங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எந்த நாளிலிருந்து நீங்கள் கனடாவில் வரி கட்டும் ஆள்? அந்த நாள் தெரிந்துவிட்டால் மிச்சக் கணக்கு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். நான் ஸ்காபரோவில் 20 வருடத்துக்கு மேல் இந்த ரிட்டர்ன் வேலைதான் செய்தேன். இப்போது உப்புவெளியில் வந்து இருக்கிறேன். மாசி, பங்குனி வந்தால் இங்கேயும் விடமாட்டார்கள். பிள்ளைகள் அங்கிருந்து கேட்கிற கடதாசிகளோடு பெற்றோர் வாசலில் நிற்பார்கள். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிற இடம் இந்தத் திகதிதான்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். கனடாவின் வரி ஆண்டு ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. 2025க்கான ரிட்டர்னை 2026 ஏப்ரல் 30க்குள் போட வேண்டும். மூன்றரை மாதம்தான் வேலை செய்தேன் என்பது காரணம் ஆகாது, நீங்கள் போடத்தான் வேண்டும். வரி பாக்கி இருந்து பிந்திப் போட்டால் பாக்கியில் 5 சதவீதம் தண்டம், அதற்கு மேல் பிந்துகிற ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 சதவீதம், 12 மாதம் வரை. பாக்கி இல்லாவிட்டால் தண்டம் இல்லை. ஆனால் ரிட்டர்ன் போடாதவருக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவுகள் நின்றுவிடும். இன்னொன்று: பிறகு அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ண நினைத்தால் மூன்று வருட வருமானத்தைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் சி.ஆர்.ஏ. (கனடா வரித் திணைக்களம்) அனுப்புகிற மதிப்பீட்டு அறிவித்தல்தான். ஆகவே முதல் வருடமே ஒழுங்காகப் போட்டு, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இறங்கிய நாளுக்கு முன் நீங்கள் ஊரில் எடுத்த சம்பளத்துக்குக் கனடா வரி கேட்காது. இறங்கிய நாளிலிருந்து டிசெம்பர் 31 வரை உலகத்தின் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் அதைக் காட்ட வேண்டும். கையோடு கொண்டுவந்த காசு வருமானம் அல்ல. வீட்டார் அன்பளிப்பாகத் தந்ததும் வருமானம் அல்ல. நகை விற்ற காசைக் கொண்டுவந்துவிட்டு, அதற்கும் வரி கேட்பார்களோ என்று பயந்து இரவில் நித்திரை கொள்ளாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் தேவையே இல்லை. அதேபோல, கட்டுநாயக்காவிலிருந்து வந்த டிக்கட் காசைக் கழிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கனடாவுக்குள் வேலைக்காக இடம் மாறினால்தான் அந்தச் சலுகை, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு இல்லை.

இப்போது நண்பரின் கதை. 2025இல் மத்திய அரசின் அடிப்படைத் தனிநபர் தொகை 16,129 டொலர். அந்த அளவு வரையான வருமானத்துக்கு மத்திய வரி இல்லை. ஆனால் வருட நடுவில் வந்தவருக்கு இது முழுசாகக் கிடைக்குமா என்பதற்கு ஒரு 90 சதவீத விதி இருக்கிறது. வருவதற்கு முந்திய காலத்தில் உங்களுக்கு வந்த வருமானத்தில் 90 சதவீதமாவது கனடாவிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது அந்தக் காலத்தில் எங்கேயும் வருமானமே இருந்திருக்கக் கூடாது. அப்படியானால் முழுத் தொகை. இல்லாவிட்டால் நாட்கணக்கில் பங்கிட வேண்டும். உங்கள் நண்பர் வருவதற்கு முன் வேலையில்லாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவருக்கு 16,129 முழுசாகக் கிடைக்கும். நீங்கள் ஆகஸ்ட் வரை ஊரில் சம்பளம் எடுத்தவர். செப்டெம்பர் 14 முதல் டிசெம்பர் 31 வரை எண்ணினால் 109 நாள். 16,129ஐ 365ஆல் வகுத்து 109ஆல் பெருக்குங்கள், 4,816 டொலர் வரும். இருவரும் 14,000 உழைத்திருந்தாலும் நண்பருக்கு மத்திய வரி பூச்சியம். உங்களுக்கோ 9,184 டொலருக்கு 14.5 சதவீதப்படி சுமார் 1,330 டொலர் வரி நிற்கும். சம்பளத்தில் பிடித்த சி.பி.பி. (ஓய்வூதியம்), ஈ.ஐ. (வேலைக் காப்புறுதி) போன்றவற்றின் சலுகை அதைக் கொஞ்சம் குறைக்கும். சம்பளத்தில் வரியை இருவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிடித்திருப்பார்கள். அதனால்தான் அவருக்குப் பெரிய தொகை திரும்புகிறது. ஒன்ராறியோ மாகாணத் தொகையையும் இப்படியேதான் பங்கிடுவார்கள். உங்களுக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை. ஊரில் உழைத்த எட்டு மாதத்துக்குக் கனடா வரி கேட்கவில்லை, அதற்கேற்றபடி சலுகையும் குறைகிறது, அவ்வளவுதான். நண்பர் சொல்லிக்கொடுத்தபடி ஊர்ச் சம்பளம் பூச்சியம் என்று போட்டுவிடாதீர்கள். பி.ஆர். விண்ணப்பத்தில் உங்கள் வேலை விபரம் முழுவதும் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்து, எனக்குக் கொஞ்சம் நிதானிக்கத் தோன்றுகிற இடம். கனடாவில் நீங்கள் வரிக்கு உட்பட்ட ஆள் ஆகிற நாளை விசா முத்திரை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீடு எங்கே, வாழ்க்கைத்துணை எங்கே, பிள்ளைகள் எங்கே என்ற மூன்றைத்தான் பெரிய பிணைப்புகளாகப் பார்ப்பார்கள். வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம், சுகாதாரக் காப்புறுதி அட்டை எல்லாம் அதற்கு அடுத்தபடி. உங்களுக்கு அந்த மூன்றில் இரண்டு இன்னும் திருகோணமலையில் இருக்கின்றன. ஆனாலும் பி.ஆர். எடுத்து, வாடகைக்கு இடம் பிடித்து, முழுநேர வேலை செய்து, குடும்பத்தை அழைக்க ஏற்பாடு செய்கிறவரை இறங்கிய நாளிலிருந்தே வதிவாளராகக் கொள்வதுதான் வழமை. நான் செய்த ரிட்டர்ன்களில் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் திகதியையே போட்டேன், பிரச்சினை வந்ததில்லை. வேறு மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள். வந்து பி.ஆர். அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு கிழமையில் ஊருக்குத் திரும்பி, வேலையை முடித்து, ஏழெட்டு மாதம் கழித்து நிரந்தரமாக வருவார்கள். அவர்களுக்கு முதல் முத்திரையின் திகதியைப் போடுவது பெரும்பாலும் பிழை. நீங்கள் இடையில் நீண்ட நாள் ஊருக்குப் போய் வந்திருந்தால், அதை நீங்கள் எழுதவில்லை, இந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசியுங்கள். இரண்டு நாடும் உரிமை கோரினால் எப்படித் தீர்ப்பது என்பதற்கு 1982இல் கைச்சாத்தான இலங்கை-கனடா வரி ஒப்பந்தம் இருக்கிறது. நிலையான வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே என்று அது படிப்படியாகப் பார்க்கும். அந்த அளவுக்குப் போனால் பொது மன்றப் பதிலை நம்பாமல் ஒரு கணக்காளரிடம் போக வேண்டும்.

சரி, லிங்கநகர் வீடு. 'எங்கள் வீடு' என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில்? எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். பேச்சில் அது 'எங்கள் வீடு'. வரிக் கணக்கில் அப்படி இல்லை. மனைவியின் தகப்பன் அவருக்கு எழுதிய உறுதி என்றால் வாடகை மனைவியின் வருமானம். அவர் இன்னும் கனடா வதிவாளர் இல்லை, ஆகவே உங்கள் ரிட்டர்னில் அந்த வாடகை வராது. அவர் ஜூலையில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவருடைய ரிட்டர்னில் வரும். உங்கள் பெயரில் என்றால் செப்டெம்பர் 14க்குப் பிறகு வந்த வாடகையை, அதற்கென உள்ள ரீ 776 (T776) படிவத்தில், திருத்த வேலை, சோலை வரி போன்ற செலவுகளைக் கழித்துக் காட்ட வேண்டும். மாதம் 35,000 ரூபாய் வாடகை என்றால் மூன்றரை மாதத்துக்கு சில நூறு டொலர்தான் தேறும், பயப்படுகிற தொகை இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இதைப் படித்துவிட்டு நொத்தாரிசிடம் ஓடி உங்கள் பெயரில் உள்ளதை மனைவி பெயருக்கு மாற்றுவது உதவாது. கணவன் மனைவிக்கு எழுதிக் கொடுத்த சொத்தின் வருமானத்தைக் கனடாச் சட்டம் எழுதிக் கொடுத்தவரின் தலையிலேயே போடும்.

வீடோ காணியோ உங்கள் பெயரில் இருந்தால், இந்தப் பதிலில் மிகவும் பெறுமதியான விஷயம் இதுதான். வரிக்கு உட்பட்டவர் ஆகிற நாளில், உங்களிடம் ஏற்கனவே உள்ள சொத்தை அன்றைய சந்தை விலைக்கு நீங்கள் வாங்கியதாகச் சட்டம் கொள்கிறது. பிற்காலத்தில் விற்றால் அந்த விலைக்கு மேல் வந்த இலாபத்துக்குத்தான் வரி, அதிலும் பாதியைத்தான் வருமானத்தில் சேர்ப்பார்கள். நான் பார்த்த ஒரு கோவையைச் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கம் காணி, தகப்பன் மலிந்த காலத்தில் வாங்கி மகனுக்கு எழுதியது. மகன் கனடா வந்து ஒன்பது வருடம் கழித்து விற்றார். வந்த வருடத்தில் அந்தக் காணி என்ன விலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கையில் இருந்தது பழைய உறுதியும் அதில் எழுதிய சின்னத் தொகையும்தான். வந்த வருடத்து விலையை நிரூபிக்க, அக்கம்பக்கத்துக் காணிகளின் பழைய உறுதிகளைத் தேடி, ஒரு மதிப்பீட்டாளரிடம் பின்திகதிக்கு அறிக்கை எடுத்து, மாதக்கணக்கில் அலைந்தோம். வந்த வருடத்திலேயே மனைவியோ அண்ணனோ ஒரு பட்டய மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கும். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான் கடந்திருக்கிறது. '2025 செப்டெம்பர் 14ஆம் திகதியில் இந்தச் சொத்தின் சந்தை விலை' என்று தெளிவாக எழுதிய அறிக்கை ஒன்று எடுத்து, மூலப்பிரதியை ஊரிலும் ஒரு பிரதியை உங்களிடமும் வையுங்கள். இதை ரிட்டர்னோடு அனுப்பத் தேவையில்லை.

பிக்ஸ்டுக்கும் இதே கோடுதான். இறங்கிய நாளுக்கு முன் சேர்ந்த வட்டி உங்களுடைய பழைய காலம், பிறகு சேர்ந்தது கனடா ரிட்டர்னுக்கு. கனடா வங்கி என்றால் ரீ 5 சீட்டு அனுப்பும். ஊர் வங்கி எதுவும் அனுப்பாது, சீட்டு வரவில்லை என்பதால் வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. இலங்கையில் வட்டியில் பிடிக்கிற நிறுத்திவைப்பு வரி 2025 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 10 ஆனது. அந்தப் பிடிப்பை வெளிநாட்டு வரிச் சலுகையாகக் கனடாவில் கேட்கலாம், ஆனால் கடதாசி வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். இலங்கையின் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வங்கி தருகிற சான்றிதழும் அந்தக் கணக்கில்தான் இருக்கும், கனடாவுக்கு அது பொருந்தாது. ஆகவே கிளையில் போய்ப் பொதுவாகச் சான்றிதழ் கேட்காமல், செப்டெம்பர் 14 முதல் டிசெம்பர் 31 வரை சேர்ந்த வட்டி எவ்வளவு, பிடித்த வரி எவ்வளவு என்று தனிக் கடிதம் கேளுங்கள். ரூபாயை டொலராக்க, நம்பகமாக வெளியிடப்படுகிற ஒரு மாற்று விகிதத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் அதையே பாவியுங்கள். வட்டிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று வசதிக்கு மாற்றக் கூடாது.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில், வார இறுதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கையில் காசுக்கு வேலை செய்ததாகவும், அதற்கு ரீ 4 (வேலையிடம் தரும் வருடச் சம்பளச் சீட்டு) வராது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் காசையும் காட்ட வேண்டும். ரீ 4 இல்லாத வேலைவருமானத்தை எழுத ரிட்டர்னில் தனி இடம் இருக்கிறது. தொகை சின்னது, வரியும் சின்னது. முதல் ரிட்டர்னிலேயே மறைத்துத் தொடங்க வேண்டாம். அந்தக் கடையை யாராவது கணக்குப் பார்க்க வந்தால் உங்கள் பெயரும் அந்தக் கொப்பியில் இருக்கும்.

மனைவிக்கு மாதாமாதம் அனுப்புகிற காசைக் கழிக்க முடியாது. ஆனால் ஊரில் உள்ள மனைவி உங்கள் தயவில் வாழ்ந்தால் வாழ்க்கைத்துணைத் தொகை கேட்க இடம் உண்டு, அவருடைய நிகர வருமானத்தைக் கழித்து, அதே 109 நாள் பங்கீட்டோடு. அவருக்கு என்ன வருமானம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆசிரியர் சம்பளமோ, அந்த வாடகையோ வந்தால் மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். கேட்பதானால் காசு அனுப்பிய ஆதாரம் வேண்டும். வங்கியால் அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும், உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள்வழியாக) அனுப்பியதற்கு ஒன்றும் இருக்காது. பெற்றோருக்கு அனுப்புவதற்குச் சலுகை இல்லை. கனடாவில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் முறையும் இல்லை, அவரவருக்கு அவரவர் ரிட்டர்ன்.

மகளுக்கான பிள்ளைக் கொடுப்பனவை இப்போது கேட்காதீர்கள். பிள்ளை கனடாவில் உங்களோடு இருக்க வேண்டும். ஜூலையில் அவர்கள் இறங்கிய கையோடு ஆர்.சி. 66 படிவம் போடலாம், பி.ஆர். உள்ளவர் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஜிஎஸ்டி கிரெடிட்டுக்கு (விற்பனை வரிக்கு ஈடாக அரசாங்கம் தரும் கொடுப்பனவு) ஆர்.சி. 151 என்று தனிப் படிவம், அதை ரிட்டர்ன் வரும்வரை வைத்திருக்காமல் இப்போதே அனுப்பலாம். அதில் வருவதற்கு முந்திய வருமானத்தையும் கேட்பார்கள். வரி பிடிக்க அல்ல, கொடுப்பனவின் அளவைப் பார்க்கத்தான், ஆகவே சரியான தொகையையே எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சொத்தின் பெறுமதி ஒரு இலட்சம் டொலருக்கு மேல் போனால் நிரப்புகிற ரீ 1135 பற்றி யாரோ உங்களை வெருட்டியிருக்கிறார்கள். முதல் முறையாக வதிவாளர் ஆகிற வருடத்துக்கு அது தேவையில்லை. 2026க்கான ரிட்டர்னில் பாருங்கள். வாடகைக்குக் கொடுத்த வீடும் பிக்ஸ்டும் அந்த ஒரு இலட்சத்தில் சேரும், நீங்களே குடியிருக்க வைத்திருக்கிற வீடு சேராது. பெறுமதி என்பது மேலே சொன்ன செப்டெம்பர் 14 விலைதான், மதிப்பீட்டு அறிக்கை அதற்கும் உதவும். டி.எப்.எஸ்.ஏ. (வரியில்லாச் சேமிப்பு) கணக்கில் 'உனக்குப் பழைய வருட இடமும் இருக்கிறது, போடு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கு இடம் தொடங்குவது 2025இலிருந்து, அந்த வருடத்துக்கு 7,000 டொலர். கூடப் போட்டால் மாதம் 1 சதவீதம் தண்டம்.

ஊழியர் சேமலாப நிதியை எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. விமானம் ஏறுமுன் கைக்கு வந்திருந்தால் அது கோட்டுக்கு அந்தப் பக்கம், பேச்சில்லை. இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்கும் முன் ஒரு கணக்காளரோடு பேசுங்கள். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் எடுக்கலாம் என்பது இலங்கைப் பக்கத்து விதி. வதிவாளர் ஆன பிறகு மொத்தமாக வரும் அந்தத் தொகையைக் கனடா எப்படிப் பார்க்கும் என்பது நிதியின் வகையையும் ஒப்பந்தத்தையும் வைத்து ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கடதாசிகளைப் பார்க்காமல் எழுத்தில் உறுதி கொடுக்க நான் விரும்பவில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எத்தனையோ ரிட்டர்ன்கள் இதில்தான் திரும்பி வந்தன. எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) கடிதத்தில் ஒரு மாதிரி, வேலையிடம் தந்த ரீ 4இல் இன்னொரு மாதிரி விழுந்திருக்கும். சின் கடிதத்தில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து ரிட்டர்னில் போடுங்கள். பிறந்த திகதியும் அப்படியே. இலவசமாக ரிட்டர்ன் போட்டுத் தருகிற தொண்டர் முகாம்கள் ஸ்காபரோவில் நிறைய உண்டு, ஆனால் வாடகை வருமானம் உள்ளவர்களை அவர்கள் எடுப்பதில்லை. உறுதி மனைவி பெயரில் என்றால், ஊர் வட்டி இருப்பதைச் சொல்லி எடுப்பார்களா என்று அங்கே கேளுங்கள், உங்கள் பெயரில் என்றால் காசு கொடுத்துச் செய்யுங்கள். எது செய்தாலும் கடதாசிகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும்.

இன்றைக்கே மனைவியோடு பேசுங்கள். உறுதியை எடுத்து முதல் பக்கத்தையும் பெயர் உள்ள பக்கத்தையும் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் வங்கிக்கு. சித்திரைப் புத்தாண்டுக்கு இங்கே கிளைகளில் ஆட்கள் லீவில் போய்விடுவார்கள், பிறகு கடிதம் கைக்கு வர மாதக் கடைசி ஆகிவிடும். ஏப்ரல் முதல் கிழமைக்குள் அந்த வட்டிக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.